வழுக்கை மலையும் தண்ணீர்த் திருடர்களும்

அந்த வீட்டில் எந்தக் கடிகாரத்தையும் நம்ப முடியாது.

கூடத்துக் கடிகாரத்தை அம்மா எப்போதும் கொஞ்சம் வேகமாக வைத்திருப்பார். அப்பா நேரத்துக்குக் கிளம்ப வேண்டுமே! அம்மா செய்யும் இந்தத் தில்லுமுல்லு அப்பாவுக்குத் தெரியும். அதனால் மனசுக்குள்ளேயே கொஞ்சம் கழித்துக்கொண்டு சாவகாசமாக முகம் மழிப்பார். அப்பா கழித்துக்கொள்வது அம்மாவுக்குத் தெரியும். அதனால் முள்ளை இன்னும் கொஞ்சம் தள்ளி வைப்பார். இப்படியே போனால் ஒருநாள் நம் வீட்டில் மட்டும் இன்றைக்கே நாளைக்கு வந்துவிடும் என்று அக்கா சொல்வாள்.

இத்தனைக்கும் அம்மாவுக்கு வேலை ரயில் நிலையத்தில். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று ஒலிபெருக்கியில் ஒரு குரல் வருமே, அது அம்மாவின் குரல்தான். ஊருக்கெல்லாம் நேரம் சொல்கிறவர் வீட்டில் நிலைமை இப்படி. அப்பா தண்ணீர் லாரி ஓட்டுகிறார். குழாயில் தண்ணீர் வராத தெருக்களுக்கெல்லாம் போய், வீடு வீடாக ஊற்றிவிட்டு வருவார்.

இந்த வீட்டின் சின்னப் பெண்ணுக்குப் பத்து வயது. பள்ளிக்கூடத்தில் அவளுக்கு நல்ல பெயர் ஒன்று உண்டு. ஆனால் வீட்டில் எல்லோரும் குண்டூசி என்றுதான் கூப்பிடுவார்கள். உடம்பும் அப்படி, அவள் கேட்கும் கேள்வியும் அப்படி. குத்தினால் யாராக இருந்தாலும் துள்ளத்தான் வேண்டும்.

மொட்டை மாடியில் நின்றால் தூரத்தில் ஒரு மலை தெரியும். கீழே சுற்றிலும் மரங்கள். பாதிக்கு மேல் ஒரு புல் கூட இல்லாத வெறும் பாறை. அதற்கு 'வழுக்கை மலை' என்று பெயர் வைத்தவளும் குண்டூசிதான்.

"மலைக்குப் பேர் வைக்க என் தலைதான் கிடைச்சுதா?" என்று அப்பா தன் தலையைத் தடவிக்கொள்வார்.

அக்காவுக்கு அந்த மலைமேல் ஓர் ஆசை. "தினமும் இங்கேருந்து நாம மலையைப் பாக்கறோம். அங்கேருந்து பாத்தா நம்ம வீடு எப்படி இருக்கும்? ஒரே ஒரு தடவை பாக்கணும்டி. அதுவும் நம்ம வாசல்லேருந்து நடந்தே போய், நாலு பேருமா நின்னு பாக்கணும்" என்பாள்.

அந்த ஆசைக்கு இப்போது அவசரம் வந்துவிட்டது. நர்ஸ் படிப்புக்கு அக்காவுக்கு வெகு தூரத்து நகரம் ஒன்றில் இடம் கிடைத்திருந்தது. வருகிற திங்கட்கிழமை ரயில். போனால் ஒரு வருஷத்துக்கு வர முடியாது. மிச்சம் இருப்பது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. திங்கட்கிழமையை நினைத்தாலே குண்டூசிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதனால் அவள் ஞாயிற்றுக்கிழமையை மட்டுமே நினைத்துக்கொண்டாள்.

ஏற்கெனவே இரண்டு தடவை முயற்சி செய்து பார்த்தாயிற்று. இரண்டு தடவையும் பாதியில் திரும்பியாயிற்று.

முதல் தடவை காரியத்தைக் கெடுத்தது கடிகாரம். அம்மா ஒரு நேரம் சொல்ல, அப்பா அதில் கொஞ்சம் கழிக்க, அக்கா தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் கழிக்க, நான்கு பேரும் வாசலுக்கு வந்து சேர்ந்தபோது பால்காரர் எல்லா வீட்டுக்கும் ஊற்றிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். வழுக்கைக்குப் போய்ச் சேர்ந்தால் பாறை அடுப்பில் வைத்த சட்டி மாதிரி கொதித்தது. செருப்பை மீறிச் சுட்டது. திரும்பிவிட்டார்கள்.

இரண்டாம் தடவை நேரத்துக்குக் கிளம்பினார்கள். காரணம் கடிகாரம் இல்லை, அக்கா போட்ட கூச்சல். ஆனால் வழுக்கையில் பாதி தூரம் ஏறும்போதே தண்ணீர் தீர்ந்துபோனது. "தண்ணி என் பொறுப்பு, அதை மட்டும் என்கிட்ட விட்டுடுங்க" என்று அப்பா நெஞ்சைத் தட்டிச் சொல்லியிருந்தார். பாட்டில்களை எண்ணி எண்ணிப் பைகளில் வைத்ததும் அவர்தான். அப்புறம் எப்படித் தீர்ந்தது? அவருக்கே புரியவில்லை. அம்மாவும் அவரைத்தான் குறை சொன்னார்.

மறுநாள் லாரி நிறுத்துமிடத்தில் மற்ற டிரைவர்கள் அவரை விடவில்லை.

"ஊருக்கே தண்ணி ஊத்தறவர் வீட்டுக்குத் தண்ணி பத்தலையாமே!"

அப்பாவும் அவர்களோடு சேர்ந்து சிரித்தார். ஆனால் அன்று வீட்டுக்கு வந்து அவர் சரியாகச் சாப்பிடவில்லை. குண்டூசி அதைக் கவனித்தாள்.

இப்போது மூன்றாம் தடவை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அப்பா வேலையிலிருந்து வரும்போதே தோளில் ஒரு பெரிய கேனைத் தூக்கிக்கொண்டு வந்தார். கல்யாண வீடுகளில் தண்ணீர் வைப்பார்களே, அந்த அளவு கேன்.

"இந்தத் தடவை பாத்துடலாம் ஒரு கை! இதை நான் தூக்கிட்டு வரேன்."

"ஏங்க, உங்க முதுகு என்ன நிலைமையில இருக்குன்னு உங்களுக்கே தெரியும்" என்றார் அம்மா. "கேனை நீங்க தூக்குவீங்க. உங்களை யார் தூக்கறது?"

"அதெல்லாம் பாத்துக்கலாம்."

"என்னத்தப் பாத்துக்கறது? ஆஸ்பத்திரியிலயா?"

குண்டூசி இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள். கேனை ஒரு தட்டுத் தட்டினாள்.

"அப்பா, ஒரு கேள்வி. நீங்க காலையில லாரியில தண்ணி ரொப்பிக்கறீங்க. அந்த எல்லாத் தண்ணியையும் கடைசி வீடு வரைக்குமா சுமந்துட்டுப் போறீங்க?"

"அதெப்படி? வழியில வழியில இறக்கிட்டேதான் போவேன்."

"அப்போ மலைக்கு மட்டும் எதுக்கு எல்லாத்தையும் உச்சி வரைக்கும் சுமக்கணும்? திரும்பி வரும்போது குடிக்கற தண்ணியைப் போற வழியிலயே ஒரு இடத்துல வெச்சுட்டுப் போகலாமே! அதே வழியிலதானே திரும்பி வரப் போறோம்?"

அப்பா கேனைப் பார்த்தார். குண்டூசியைப் பார்த்தார். பிறகு கேனைக் கீழே இறக்கி வைத்தார்.

"இத்தனை வருஷமா லாரி ஓட்டறேன். இது எனக்குத் தோணலையே!"

"அதான் நான் இருக்கேனே. இந்தத் தடவை மொத்தத் திட்டமும் நான்தான் போடுவேன்" என்றாள் குண்டூசி. யாரும் மறுத்துப் பேசவில்லை. ஏற்கெனவே இரண்டு தடவை தோற்றவர்கள் எந்த முகத்தோடு மறுப்பார்கள்?

தண்ணீருக்கு ஒரு வழி பிறந்தது. அடுத்து, நேரம்.

மறுநாளிலிருந்து குண்டூசி இருட்டிலேயே எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விடுவாள். அக்காவின் கைக்கடிகாரத்தை வாங்கிக்கொள்வாள். அந்த வீட்டில் பொய் சொல்லாத கடிகாரம் அது ஒன்றுதான். போர்வையைப் போர்த்திக்கொண்டு மலையையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

அப்படிப் பார்த்ததில் ஒரு விஷயம் தெரிந்தது. சூரியன் மலைக்குப் பின்பக்கம்தான் கிளம்பும். அதனால் மலையின் இந்தப் பக்கத்தில் வெகுநேரம் நிழல். வெயில் முதலில் வந்து விழுவது இவர்கள் மொட்டை மாடியில். அப்புறம் ரயில் நிலையத்துத் தகரக் கூரை. அப்புறம் வயல்வெளி. அதற்கும் அப்புறம்தான் மலையடிவாரத்தைத் தொட்டு மெல்ல மேலே ஏற ஆரம்பிக்கும்.

"அக்கா, வெயிலும் நம்மள மாதிரியே கீழேருந்துதான் மலை ஏறுது!" என்று கத்திக்கொண்டே இறங்கி வந்தாள். "அது மரத்தையெல்லாம் தாண்டறதுக்குள்ள நாம வழுக்கையைத் தாண்டிட்டா, கடைசி வரைக்கும் நிழல்லயே போயிடலாம்!"

அக்கா தூக்கம் கலையாமலேயே அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "என் தங்கமே" என்றாள். அப்புறம், "அதுக்கு எத்தனை மணிக்குக் கிளம்பணும்?" என்று கேட்டாள்.

குண்டூசி அதையும் யோசித்து வைத்திருந்தாள். மணி சொன்னால் இந்த வீட்டில் ஆளுக்கு ஒரு கணக்குப் போடுவார்கள். ஆனால் எதிரே இருக்கும் பேக்கரியின் ஷட்டரை யாராலும் தள்ளி வைக்க முடியாது. தினமும் இருட்டிலேயே பேக்கரிக்காரர் அதைக் கடகடவென்று தூக்குவார். அந்தச் சத்தத்துக்குக் கிளம்பினால் சரியாக இருக்கும். போன தடவை நடந்த வேகத்தை வைத்து அக்காவும் கணக்குப் போட்டுப் பார்த்துத் தலையாட்டினாள்.

எதற்கும் கேட்டுவிடுவோம் என்று குண்டூசி பேக்கரிக்குப் போனாள்.

"அங்கிள், ஞாயித்துக்கிழமையும் இதே நேரத்துக்கு ஷட்டரைத் தூக்குவீங்களா?"

"ரொட்டிக்கு ஏதும்மா ஞாயித்துக்கிழமை?" என்றார் பேக்கரிக்காரர், மாவுக் கையைத் துடைத்துக்கொண்டே.

சனிக்கிழமை சாயங்காலம். கூடத்துச் சுவரோரமாக நான்கு பைகள் வரிசையாக நின்றன. அப்பா ஒவ்வொரு பையிலும் பாட்டில்களை எண்ணி வைத்தார். அம்மா மறுபடி எண்ணினார். அக்கா அம்மாவுடைய சிவப்புப் போர்வையை மாடிக்கு எடுத்துப்போய், மலையைப் பார்த்த பக்கத்தில் கம்பியில் கட்டித் தொங்கவிட்டாள். மேலிருந்து பார்த்தால் வீடு எது என்று தெரிய வேண்டுமல்லவா?

குண்டூசி சாப்பாட்டு மேசைக்கு அடியில் உட்கார்ந்து எல்லோருடைய ஷூக்களுக்கும் புது நாடா கோத்துக்கொண்டிருந்தாள். மேசை விரிப்பு நீளமாகத் தொங்கியதால் அவள் இருப்பது வெளியே தெரியவில்லை.

அப்பா கூடத்துக்குள் வந்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். அக்காவின் பையைத் திறந்து ஒரு பாட்டிலை உருவினார். குண்டூசியின் பையிலிருந்தும் ஒன்றை உருவினார். இரண்டையும் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, ஒன்றும் தெரியாதவர் போல விசிலடித்துக்கொண்டே போய்விட்டார்.

குண்டூசி நாடாவைக் கையில் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் அம்மா வந்தார். அவரும் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் பார்த்தார். அப்பாவின் பையைத் திறந்து இரண்டு பாட்டிலை எடுத்தார். "முதுகு வலியை வெச்சுக்கிட்டு வீராப்பைப் பாரு" என்று முணுமுணுத்துக்கொண்டே அலமாரிக்குள் ஒளித்து வைத்தார்.

அம்மா போனதும் அக்கா பூனை மாதிரி வந்தாள். அம்மாவின் பையிலிருந்து ஒரு பாட்டில். "முட்டி வலியோட இதை வேற சுமக்கணுமா" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். பாட்டில் புத்தக அடுக்குக்குப் பின்னால் போனது.

குண்டூசிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. போன தடவை தண்ணீர் எங்கே போனது என்று அப்பா மண்டையைக் குடைந்துகொண்டாரே, அது எங்கேயும் போகவில்லை. இங்கேயேதான் இருந்திருக்கிறது. ஒருத்தர் சுமையை இன்னொருத்தர் குறைத்து, அவர் சுமையை வேறொருத்தர் குறைத்து, 'என்னிடம் இருக்கிறதே, போதும்' என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டு, கடைசியில் யாரிடமும் இல்லை.

முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் ஏனோ மூவரையும் சேர்த்துக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. ஆனால் சும்மா விடவும் முடியாது. விட்டால் நாளைக்கும் பாதி வழுக்கைதான்.

மேசைக்கு அடியிலிருந்து வெளியே வந்தாள். பழைய செய்தித்தாளை எடுத்துச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டாள். அம்மா மாதிரியே குரலை நீட்டினாள்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு! அக்காவின் பையிலிருந்தும் குண்டூசியின் பையிலிருந்தும் புறப்பட்ட பாட்டில்கள், கட்டிலுக்கு அடியில் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளன. அப்பாவின் பையிலிருந்து புறப்பட்ட இரண்டு பாட்டில்கள், அலமாரியில் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளன. அம்மாவின் பையிலிருந்து புறப்பட்ட பாட்டில், புத்தகங்களுக்குப் பின்னால் வந்து சேர்ந்துள்ளது!"

மூன்று பேரும் மூன்று பக்கத்திலிருந்து ஓடி வந்தார்கள்.

"அலமாரியிலயா? என் பாட்டிலா?" என்றார் அப்பா.

"கட்டிலுக்கு அடியிலயா? அப்பா!" என்றாள் அக்கா.

"என் பையில கை வெச்சது யாரு? நீயாடி?" என்றார் அம்மா.

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"போன தடவையும் இதையேதான் பண்ணீங்களா?" என்று குண்டூசி கேட்டாள்.

"போன தடவை பை லேசா இருந்துது. சரி, நமக்கு நடந்து பழகிடுச்சு போலன்னு நெனச்சேன்" என்றார் அப்பா மெதுவாக.

அவ்வளவுதான். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். அக்கா சுவரில் சாய்ந்து சிரித்தாள். அப்பாவும் சிரித்தார். சிரித்து முடிக்கும்போது அம்மாவின் கண் ஈரமாக இருந்தது. "அன்னைக்கு உங்களைப் போய்க் குறை சொன்னேனே" என்று அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

எல்லாப் பாட்டில்களும் அவரவர் பைக்குத் திரும்பின. குண்டூசி ஒவ்வொரு பையின் வாயையும் மிச்சமிருந்த நாடாவால் இறுக்கிக் கட்டினாள். ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று முடிச்சு.

"நாளைக்குக் காலையில நான்தான் அவுப்பேன்" என்றாள்.

கடகடகடவென்று பேக்கரி ஷட்டர் மேலே போனது. நான்கு பேரும் வாசலில் தயாராக நின்றார்கள். அப்பாவும்தான்! பேக்கரிக்காரர் தெருவைக் கடந்து வந்து ஒரு சூடான ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக் குண்டூசியிடம் கொடுத்தார். அவள் முடிச்சை அவிழ்த்து அதைப் பையில் வைத்துக்கொண்டாள்.

தெரு விளக்குகளின் கீழே நடந்தார்கள். ரயில் பாதையைத் தாண்டினார்கள். வயல்வெளிக்கு வந்தபோது வானம் வெளுக்கத் தொடங்கியிருந்தது. மலையடிவாரத்து மரங்களுக்குள் நுழையும்போது பறவைகள் ஒன்றை ஒன்று எழுப்பிக்கொண்டிருந்தன. அக்கா குண்டூசியின் கையை விடவே இல்லை.

மரங்கள் முடியும் இடத்தில் ஒரு பெரிய பாறை பிளந்து கிடந்தது. அந்தப் பிளவுக்குள் ஆளுக்கு ஒரு பாட்டிலை வைத்து, மேலே ஒரு தட்டைக் கல்லைப் போட்டு மூடினார்கள்.

"முதல் தெருவுக்கு இறக்கியாச்சு" என்று அப்பா கையைத் தட்டிக்கொண்டார். பையின் பாரம் குறைந்ததும் அவர் முதுகு நிமிர்ந்தது.

அதற்கு மேல் வழுக்கை. பாறை ஜில்லென்று இருந்தது. திரும்பிப் பார்த்தால், கீழே ரயில் நிலையத்துத் தகரக் கூரை பளபளத்தது. வெயில் ஊருக்குள் வந்துவிட்டது.

"அடுத்து வயலுக்கு வந்துடும்! சீக்கிரம்!" என்றாள் குண்டூசி.

எல்லோரும் ஏறினார்கள். போன தடவை திரும்பிய இடத்தையும் தாண்டிவிட்டார்கள். அங்கே அக்கா ஒரு குதி குதித்தாள். ஆனால் இன்னும் கொஞ்ச தூரம் போனதும் அம்மா ஒரு கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டார். முகம் வெளிறியிருந்தது.

"என்னால முடியலம்மா. நீங்க மூணு பேரும் போய்ப் பாத்துட்டு வாங்க. நான் இங்கேயே உக்காந்திருக்கேன்."

"நீ வராம நான் மட்டும் போய் என்ன பண்றது?" என்றாள் அக்கா. மேலே பார்த்தாள். உச்சி இதோ பக்கத்தில் தெரிந்தது. "பரவாயில்லம்மா. திரும்பிடலாம்" என்றாள்.

குண்டூசி திரும்பிப் பார்த்தாள். கீழே வெயில் மரங்களின்மேல் ஏறிக்கொண்டிருந்தது. நாளைக்கு அக்கா இருக்க மாட்டாள். இனி ஒரு ஞாயிற்றுக்கிழமை இல்லை.

அம்மாவுக்கு விசிறிவிடலாம் என்று அவர் முதுகிலிருந்து பையைக் கழற்றினாள். கழற்றும்போதுதான் கவனித்தாள். நடக்கும்போது எல்லோர் பையிலும் தண்ணீர் களக் களக் என்று சத்தம் போட்டுக்கொண்டே வந்தது. அம்மாவின் பையில் அந்தச் சத்தம் இல்லை. குலுக்கிப் பார்த்தாள். ஒரு சத்தமும் இல்லை. நிறைந்திருக்கும் பாட்டில் குலுங்காது.

பையைத் திறந்தாள். பாட்டில்கள் கழுத்துவரை அப்படியே இருந்தன.

"அம்மா! நீ குடிக்கவே இல்ல!"

"குடிச்சேனே..."

"பொய் சொல்லாத. வாயில வெச்சு வெச்சு எடுத்திருக்க!"

அம்மா தலையைக் குனிந்துகொண்டார். "கடைசியில உங்க யாருக்காவது பத்தாம போச்சுன்னா..." என்று இழுத்தார்.

பைக்கு முடிச்சுப் போட்டுவிடலாம். இதற்கு எங்கே முடிச்சுப் போடுவது? குண்டூசிக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"அக்கா வீட்டைப் பாக்கணும்னுதானே வந்தோம்? நீ இங்க உக்காந்துட்டா மேல போய் எந்த வீட்டைப் பாக்கறது?"

அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

குண்டூசி மூடியைத் திறந்து ஒரு மடக்குக் குடித்தாள். பாட்டிலை அம்மாவிடம் நீட்டினாள். "இப்போ நீ ஒரு மடக்கு. அப்புறம் நான் ஒரு மடக்கு. நீ நிறுத்தினா நானும் நிறுத்திடுவேன்."

அம்மா குடித்தார். குண்டூசி குடித்தாள். மறுபடி அம்மா. வயிறு தளும்பும்வரை குண்டூசி விடவில்லை. அப்பா ரொட்டியைப் பிய்த்து அம்மாவின் கையில் வைத்தார். அக்கா அம்மாவின் காலைப் பிடித்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் அம்மாவின் முகத்துக்கு நிறம் திரும்பியது.

"சரி, கையைக் குடு" என்று எழுந்தார்.

வெயில் அவர்களைத் துரத்திக்கொண்டே வந்தது. உச்சியில் கால் வைக்கும்போது அது வழுக்கையின் பாதியைத்தான் தொட்டிருந்தது.

"ஜெயிச்சுட்டோம்!" என்று கத்தினாள் குண்டூசி.

கீழே ஊர் மொத்தமும் தெரிந்தது. கோடு போட்ட மாதிரி ரயில் பாதை. அதற்கு அந்தப் பக்கம் பொடிப் பொடியாக வீடுகள். நான்கு பேரும் கண்ணுக்கு மேல் கையை வைத்துத் தேடினார்கள்.

"அதோ!" என்றாள் அக்கா.

குங்குமப் பொட்டு அளவுக்கு ஒரு சிவப்பு.

"என் லாரி! அங்க என் லாரி தெரியுது பார்!" என்று அப்பா குதித்தார். லாரி யாருக்கும் தெரியவில்லை. ஆனால் எல்லோரும் தெரிகிறது என்றார்கள்.

அக்கா வெகுநேரம் அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குண்டூசியின் தோளில் முகத்தை வைத்து அழுதாள். "பயமா இருக்குடி. அங்க எனக்கு யாரையுமே தெரியாது" என்றாள். இதுவரை அவள் அதை யாரிடமும் சொன்னதில்லை.

குண்டூசி அக்காவின் தலையைத் தடவினாள். யோசித்துவிட்டு, "நீ திரும்பி வர்ற வரைக்கும் அந்தப் போர்வையை அவுக்க மாட்டேன். நீ எங்க இருந்தாலும், அது அங்கதான் இருக்குன்னு நெனச்சுக்கோ" என்றாள்.

"அடியே, அது என் நல்ல போர்வை!" என்றார் அம்மா.

அழுதுகொண்டிருந்த அக்கா சிரித்துவிட்டாள். திரும்பி வரும்போது பாறைப் பிளவில் நான்கு பாட்டில்களும் ஜில்லென்று காத்திருந்தன. அப்பா தன் பாட்டிலைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, "நாளைக்கு லாரி நிறுத்தற இடத்துல அவனுங்ககிட்ட சொல்றேன்" என்று வாயைத் துடைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை ரயில் நிலையத்தில் ஒரே கூட்டம். அம்மாவுக்கு அன்று வேலை நாள். அக்காவைக் கட்டி அணைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டார். அப்பாவும் குண்டூசியும் அக்கா ஏறிய பெட்டியின் ஜன்னலோரமாக நின்றார்கள்.

உள்ளே அக்கா தன் பையை மடியில் வைக்க முயன்று திணறினாள். "இது என்ன இவ்ளோ கனம்? நான் அடுக்கும்போது இப்படி இல்லையே!"

திறந்து பார்த்தாள். துணிகளுக்கு நடுவே ஒரு தண்ணீர் பாட்டில். கீழே இன்னொன்று. பக்கவாட்டில் திணித்து வைத்த இன்னொன்று.

"யார் வெச்சது இதெல்லாம்?"

அப்பா தலையைத் தூக்கி நிலையத்துக் கூரையை ஆராய்ந்தார். குண்டூசி குனிந்து ஷூ நாடாவைச் சரிசெய்தாள். அவள் வைத்தது ஒன்றுதான். மற்ற இரண்டும் அவளுக்கே தெரியாது.

அப்போது ஒலிபெருக்கி கரகரத்தது.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. முதல் நடைமேடையில் நின்றுகொண்டிருக்கும் வண்டி இன்னும் சற்று நேரத்தில் புறப்படும்." குரல் நின்றது. மூக்கை உறிஞ்சும் சத்தம் நிலையம் முழுக்கக் கேட்டது. "பயணிகள் மறக்காமல் தண்ணீர் குடிக்கவும். அடுத்தவருக்காகச் சேர்த்து வைக்க வேண்டாம். நன்றி."

கூட்டம் அண்ணாந்து ஒலிபெருக்கியைப் பார்த்தது. "இது என்ன புது உத்தரவு?" என்றார் ஒரு போர்ட்டர். எதிர் இருக்கையில் இருந்த குண்டு மனிதர் எதற்கு வம்பு என்று அவசரமாகத் தன் பாட்டிலைத் திறந்து மடமடவென்று குடித்தார்.

அக்கா அழுதுகொண்டே சிரித்தாள், சிரித்துக்கொண்டே குடித்தாள். ஜன்னல் கம்பி வழியாகப் பாட்டிலைக் குண்டூசியிடம் நீட்டினாள். குண்டூசி ஒரு மடக்குக் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

வண்டி சரியான நேரத்துக்குக் கிளம்பியது. கொஞ்சம் தாமதமாகக் கிளம்பினால்தான் என்ன என்று அன்றைக்கு முதல் தடவையாகக் குண்டூசிக்குத் தோன்றியது.

சாயங்காலம் அவள் மொட்டை மாடிக்கு ஏறிப் போனாள். அங்கே அவளுக்கு முன்னாலேயே அம்மா நின்றுகொண்டிருந்தார். காற்று பலமாக வீசியது. அம்மா தன் நல்ல போர்வையைக் கம்பியோடு சேர்த்து இறுக்கி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். ஒன்றின் மேல் ஒன்றாக, மூன்று முடிச்சு.

"என்ன பாத்துட்டு நிக்கற? அந்த முனையைப் பிடி" என்றார்.

குண்டூசி ஓடிப்போய் அந்த முனையைப் பிடித்துக்கொண்டாள்.